சமையல் ஒன்றுதான், தட்டுதான் வேறு

கேள்வி:

எனக்கு 46 வயது, கணவருக்கு 51. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.8 இருந்தது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் என்று இரண்டு மாத்திரைகள் எடுக்கிறார். 'மாவுச்சத்தைக் குறையுங்கள்' என்று மருத்துவர் சொன்னார். எப்படி என்று கேட்க அங்கே நேரம் இல்லை. முன்பெல்லாம் மதியம் மூன்று கப் சோறு சாப்பிடுவார். இப்போது மூன்று வாரமாக அவருக்குத் தனியாகவும், மாமியார் (72), மகன் (17), எனக்குத் தனியாகவும் சமைக்கிறேன். காலிஃபிளவரைத் துருவிச் சோறு போலச் செய்தேன், கூழாகிவிட்டது. குழம்பை அப்படியே சாப்பிட்டால் உப்புக் கரிக்கிறது என்கிறார். எப்போதும் பசி என்கிறார். மாமியார் சைவம். பாதாம் மாவு வாங்கு, கீட்டோதான் ஒரே வழி என்று உறவினர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் காலையில் இரண்டு முட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர், பதினோரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, உட்கார்ந்துவிட்டாராம். யாரோ இனிப்பாக ஏதோ குடிக்கக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது, அம்மா. இரண்டு சமையல் செய்யாமல் இதற்கு வழி உண்டா? மற்றவர்களும் இதையே சாப்பிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சமையலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பதினோரு மணி நடுக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அது போகிற போக்கில் வருகிறது. எனக்கோ அதுதான் முதல் வரியாகத் தெரிந்தது.

கிளிமிபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டது மூன்று கப் சோறா, இரண்டு முட்டையா என்று அதற்குத் தெரியாது. உங்கள் கணவர் பழையபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முடிவு செய்த அளவு அது. இப்போது சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்துவிட்டது, மாத்திரை அப்படியே இருக்கிறது. அதனால் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கியிருக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும் அதற்கான அறிகுறிகள். இன்றே மருத்துவரை அழைத்து, "சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்திருக்கிறோம், மாத்திரை பழைய அளவிலேயே இருக்கிறது, ஒரு நாள் நடுக்கம் வந்தது" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ வேண்டாம். அவர் பதில் சொல்லும் வரை உணவை இன்னும் குறைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாவது சோறோ ரொட்டியோ தட்டில் இருக்கட்டும்.

மறுபடி நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். மீட்டர் கையில் இல்லாதபோது நடுக்கம் வந்தால் பார்க்கக் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகும்போது பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. இன்சுலின் போடுகிறவர்களும், பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தில் கை வைக்கவே கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இனி அடுப்படிக்கு வருவோம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது அம்மா உங்களைப் போலத்தான் இரண்டு சமையல் செய்தார். மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு முடியவில்லை, அப்பா பழைய தட்டுக்கே திரும்பிவிட்டார். என்னிடம் ஆலோசனைக்கு வரும் வீடுகளிலும் இதையே பார்க்கிறேன். நாக்கு அடங்காமல் உணவு முறையைக் கைவிட்டவர்களைவிட, சமைக்கிறவர் களைத்துப்போனதால் கைவிட்டவர்கள் அதிகம். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்கிறேன். இரண்டு சமையலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு ஒரே சமையல் போதும். அது உங்கள் கணவருக்கும் மற்றவர்களுக்கும் பிரிய வேண்டிய இடம் சமையலின் தொடக்கம் அல்ல, கடைசி ஐந்து நிமிடமும் தட்டும்தான்.

ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப் சோறு ஏறக்குறைய 160 கிராம். அப்படியானால் மூன்று கப்பில் 134 கிராம் வருகிறது. ஒரு நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே என்பதைத்தான் பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவு என்கிறோம். உங்கள் கணவர் அதை மதியச் சோற்றிலேயே தாண்டிக்கொண்டிருந்தார். அதே சோறு அரை கப் என்றால் 22 கிராம்தான். வேறு எதையும் தொடாமல் இந்த ஒரு மாற்றத்திலேயே 110 கிராம் குறைந்துவிடுகிறது. சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒரு நாள் அவருடைய சோற்றை எடை போட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு கிண்ணத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், தினமும் நிறுக்கத் தேவையில்லை.

இப்போது குழம்பு. உப்புக் கரிக்கிறது என்று உங்கள் கணவர் சொல்வது முழுக்க நியாயம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஏதும் இல்லை. குழம்பு என்பதே சோற்றோடு சேர்வதற்காகச் செய்வது. ஒரு கரண்டிக் குழம்பு மூன்று கரண்டிச் சோற்றுக்கு ருசி கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் நம் கை உப்பையும் காரத்தையும் அள்ளுகிறது. சோறு கால் பங்காகிவிட்டால் அந்த உப்பெல்லாம் நேரே நாக்கில் விழுகிறது. குழம்பு நீர்க்க இருப்பதும் சோறு அதை உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான். சோற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் கிண்ணத்தில் மிஞ்சுவது காரமான தண்ணீரும் நாலைந்து துண்டுகளும். அதைச் சாப்பிட்டால் யாருக்குத்தான் வயிறு நிறையும்?

எனவே இப்படிச் செய்து பாருங்கள். பாத்திரத்தில் காய், கறி, மீன், பன்னீர் என்று போடுகிற எதையும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போடுங்கள். தண்ணீரைப் பாதியாக்குங்கள். உப்பையும் மிளகாயையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மூடி போடாமல் கொதிக்கவிட்டு, துண்டுகள் வெந்து சாறு கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் உங்கள் கணவரின் பங்கை ஒரு கிண்ணத்தில் தாராளமாக எடுத்து வையுங்கள். பிறகு பாத்திரத்தில் மிச்சமிருப்பதில் வெந்நீர் ஊற்றி, குறைத்து வைத்த உப்பையும் காரத்தையும் சேர்த்து இன்னொரு கொதி விடுங்கள். அது மற்ற மூவரின் சோற்றுக்கு. ஒரே பாத்திரம், ஒரே தாளிப்பு, ஐந்து நிமிட வேலை. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் நீர்க்கச் செய்துவிட்டு அதிலிருந்து துண்டுகளை அரித்து எடுத்தால் அவருக்கு உப்பும் காரமும்தான் போகும்.

மாமியாருக்காகவும் இதே பாத்திரம் உதவும். அடிப்படைச் சாற்றைச் சைவமாகக் கொதிக்கவைத்து அவர் பங்கை எடுத்த பிறகு, மீதியில் மீனையோ வெந்த கறியையோ சேர்த்துக்கொள்ளலாம்.

கெட்டிப்படுத்த மாவு சேர்ப்பதை விடவேண்டுமா என்ற கவலை உங்களுக்கு இருக்கும். இந்த விஷயத்தில் பலர் தேவையில்லாமல் வருத்திக்கொள்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டி சோள மாவில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து உண்டு. நான்கு பேருக்குப் பிரிந்தால் தலைக்கு 2 கிராம்கூட வராது. இரண்டு பெரிய வெங்காயம் வதக்குகிறீர்களா? அதுவும் தலைக்கு நான்கைந்து கிராம்தான். ருசிக்கு ஆதாரமே அதுதான், தாராளமாகப் போடுங்கள். குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்கு வேறு கதை. 150 கிராம் உருளைக்கிழங்கில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒரு கப் சோற்றில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தத் துண்டுகள் மகனின் தட்டுக்குப் போகட்டும். மாவே வேண்டாம் என்று நினைத்தால், வெந்த கத்தரிக்காயையோ காலிஃபிளவரையோ கொஞ்சம் மசித்துக் கலக்கலாம். ஒரு கரண்டி எள்ளையோ வேர்க்கடலையையோ அரைத்து விடலாம். தயிர் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பின் கடைந்து ஊற்றுங்கள். மாவு இல்லாத தயிர் கொதியில் திரிந்துவிடும்.

காலிஃபிளவர் கூழானதற்குக் காரணம் தண்ணீர். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். அதை அரிசி போல நினைத்து வேகவைத்தால் உள்ளிருக்கும் நீரும் வெளி நீரும் சேர்ந்து குழைந்துவிடும். கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டுத் துருவுங்கள். அகலமான வாணலியைச் சூடாக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, பெரிய தீயில், மூடாமல், மெல்லிய அடுக்காகப் பரப்பி ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். ஆவி அடங்கி அங்கங்கே பொன்னிறம் காட்டும்போது இறக்கிவிட்டு அதன் பிறகு உப்புப் போடுங்கள். முன்னாலேயே உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். அப்படியும் இது சோறு ஆகிவிடாது. சோறு என்று சொல்லிப் பரிமாறினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அரை கப் உண்மையான சோற்றோடு ஒரு கப் காலிஃபிளவரைக் கலந்து பரிமாறுங்கள். வாய்க்குச் சோற்றின் மணமும் பசையும் கிடைக்கும், வயிற்றுக்கு அளவும் கிடைக்கும். 100 கிராம் காலிஃபிளவரில் 5 கிராம் மாவுச்சத்துதான். முட்டைக்கோஸை நீளநீளமாகச் சீவியும் இப்படிச் செய்யலாம்.

பழுப்பரிசிக்கு மாறினால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நார்ச்சத்து கூடும், நல்லதுதான். ஆனால் மாவுச்சத்தின் அளவு ஏறக்குறைய அதேதான், எனவே கிண்ணத்தின் அளவு மாறாது.

பசிக்கு வருகிறேன். இரண்டு முட்டையில் இருப்பது 12 கிராம் புரதமும் சுமார் 150 கலோரியும். உழைக்கிற ஒரு மனிதருக்கு அது காலை உணவாகாது. நடுக்கத்துக்கு மாத்திரை ஒரு காரணம் என்றால் இந்த அரைப் பட்டினி இன்னொரு காரணம். மாவுச்சத்தை எடுத்த இடத்தை நீங்கள் காலியாக விட்டுவிட்டீர்கள், நிரப்பவில்லை. மூன்று முட்டையைக் கீரை, காளான், குடைமிளகாய் என்று ஏதாவது இரண்டு கைப்பிடிக் காயோடு சேர்த்துப் பொரித்து, ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கைப்பிடி கடலையோ பாதாமோ கொடுங்கள். மதியமும் இரவும் தட்டில் பாதி காய், கால் பங்கு புரதம், மீதிக் கால் பங்கில் அந்த அரை கப் சோறு. காயைத் தாளித்து எண்ணெய் விட்டே வதக்குங்கள். எண்ணெயையும் வெட்டி, சோற்றையும் வெட்டினால் பசி பொறுக்காமல் இரவு பத்து மணிக்கு அலமாரியைத் திறப்பார்.

அதே நேரம் வெண்ணெயையும் நெய்யையும் கட்டுப்பாடில்லாமல் ஊற்றச் சொல்லும் பேச்சை நான் ஏற்பதில்லை. சிலருக்கு அதனால் கெட்ட கொழுப்பு எகிறிவிடுகிறது. அன்றாடத்துக்கு எண்ணெய், கடலை வகைகள், மீன் என்று வைத்துக்கொண்டு, நெய்யை மணத்துக்கு ஒரு துளி என்று நிறுத்துங்கள்.

பருப்பிலும் மாவுச்சத்து உண்டே என்று தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் சரியானதே, தீர்வும் எளிது. வெந்த பருப்பு 100 கிராமில் 20 கிராம் மாவுச்சத்து. ஆனால் அதில் 8 கிராம் நார்ச்சத்து, கூடவே 9 கிராம் புரதம். சோற்றைப் போல ஒரே மூச்சில் சர்க்கரையை ஏற்றுவதில்லை. சிக்கல் பருப்பில் இல்லை, பருப்பையும் சோற்றையும் ஒரே தட்டில் நிறையப் போடுவதில்தான். பருப்பு கெட்டியாக ஒரு கப் சாப்பிடுகிற வேளையில் அதுவே அன்றைய சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறும் வேண்டுமென்றால் பருப்பு அரை கப்போடு நிற்கட்டும். சோயா பீன்ஸ் இதில் தனி ரகம். 100 கிராம் வேகவைத்த சோயாவில் 18 கிராம் புரதம், மாவுச்சத்தோ 8 கிராம்தான். மாமியாருக்கும் கணவருக்கும் சேர்த்தே வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதையோ, டோஃபுவையோ, பன்னீரையோ செய்யலாம்.

ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலையில் ரொட்டித் துண்டு 13, மதியம் அரை கப் சோறு 22, அரை கப் பருப்பு 20, இரவு 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி 22, நாள் முழுவதும் காய்களிலிருந்து 20, பால், தயிரிலிருந்து 15. மொத்தம் 112. உங்கள் கணவருக்கு இது நல்ல தொடக்கம். தேநீரில் சர்க்கரை போடுகிறார் என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம், கோப்பைக்கு இரண்டு வீதம் மூன்று கோப்பை என்றால் 24. ஒரு வேளைச் சோறு அதிலேயே போய்விடுகிறது. வெல்லம், தேன் என்று மாற்றுவதால் கணக்கு மாறாது.

சமையலில் எதையும் மாற்றாமல் கிடைக்கும் ஒரு லாபமும் உண்டு. முதலில் காய், அடுத்து முட்டையோ மீனோ பருப்போ, கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அரை கப்பை ஓரமாக வைத்துக் கடைசியில் கொடுங்கள்.

உங்கள் உறவினர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்புகிறார். கீட்டோ என்பது நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் மாவுச்சத்தை அடக்குவது. அது 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக முன்வைக்கப்பட்ட முறை. கிளிமிபிரைட் எடுக்கும் ஒருவர் கண்காணிப்பு இல்லாமல் அதில் இறங்குவது ஆபத்து. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்கே அதிகச் சான்று இருக்கிறது என்று சொல்கிறது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவை அது விதிக்கவில்லை. எடை குறைய இதுதான் 'ஒரே வழி' என்பதும் சரியில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. முதல் வாரத்தில் மளமளவென இறங்கும் எடையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். உடலில் சேமித்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் வெளியேறுவது அந்த நீர்தான்.

பாதாம் மாவு உங்களுக்கு வேண்டாம். மாவுச்சத்து குறைவுதான், ஆனால் ஒரு கப்பில் 600 கலோரிக்கு அருகில் இருக்கிறது, பக்குவமும் வேறு. பழைய பண்டத்தின் போலியைச் செய்ய இன்னொரு மணி நேரம் அடுப்படியில் நிற்பீர்கள்.

மாமியாருக்குச் சோற்றைக் குறைக்காதீர்கள். 72 வயதில் எடை குறைந்தால் தசையும் சேர்ந்தே குறையும், அதை மீட்பது கடினம். அவருக்குத் தேவை கூடுதல் புரதம். கெட்டிக் குழம்பில் அதிகமாகப் போடும் பன்னீரும் பருப்பும் அவருக்கும் போய்ச் சேரும், கொஞ்சம் குழைய வேகவைத்தால் போதும். மகன் வளர்கிற பிள்ளை, அதே காயையும் கறியையும் வேண்டிய மட்டும் சோற்றோடு சாப்பிடட்டும். அவன் விஷயத்தில் நான் கை வைப்பது புட்டியில் வரும் இனிப்புப் பானங்களில் மட்டும். நீங்கள் உங்கள் விருப்பப்படி எந்தப் பக்கத்திலும் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் கணவரோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் மலச்சிக்கலும் லேசான தலைவலியும் வரலாம். தண்ணீரும் காயும் குறையாமல் இருந்தால் சரியாகிவிடும். ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது எடுக்கிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதன் அளவும் மாற வேண்டியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியோடு கொழுப்புப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை அளவு முடிவானதும் ஒரு வாரத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே அன்றைக்கு எத்தனை கப் சோறு என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அரை கப் சோறு அவருக்குக் குறைவா, கூடுதலா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.